பக்கத்து வயல்காரரைக் கேள்

எங்கள் பள்ளியின் கணினி அறைச் சாவி என்னிடம் வந்ததற்குத் தகுதி காரணமில்லை. ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வு செய்யவும் கணினியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதவும் கற்றுத்தர ஒரு மன்றம் தொடங்க வேண்டும், யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லாரும் சட்டென்று குனிந்து நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்தார்கள். நான் ஜன்னல் வழியே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்த தலை என்னுடையது ஒன்றுதான், பொறுப்பும் அதன்மேலேயே விழுந்தது.

நான் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது திருவிடைமருதூரில். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லாருமே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கியவர்கள். எங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலமெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்டது. ரயிலில் போகும்போது பச்சையாகத் தெரிந்தால் பயிர், மஞ்சளாகத் தெரிந்தால் அறுவடை. என் விவசாய அறிவு அவ்வளவுதான். வேலை கிடைத்ததோ திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தள்ளி, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற ஒரு கடைமடை ஊரில். இத்தோடு எனக்குப் பொறுமையும் கிடையாது. ஒரே விஷயத்தை மூன்றாவது முறை சொல்ல நேர்ந்தால் குரல் தானாக ஏறிவிடும். இது என் மாணவர்களுக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

கணினி அறையில் பத்துப் பெட்டிகள் இருந்தன. அதில் ஏழு வேலை செய்யும், மழை பெய்தால் ஆறு. பிள்ளைகள் பதினாலு பேர் சேர்ந்தார்கள். நிரல் எழுதுவது என்றால் பெரிய வித்தையில்லை. திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டளை. ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்துவிட்டால் கணினி அந்த வரிசையில் செய்யும். எனக்கே அது புதிது. முதல் நாள் ராத்திரி என் தங்கை மகனிடம் போனில் கேட்டுக் கற்றுக்கொண்டு மறுநாள் பள்ளியில் பண்டிதை மாதிரி நின்றேன்.

'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்கிற நிபந்தனைக் கட்டத்தை விளக்க, காபி போடுவதை உதாரணமாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். பால் இருந்தால் காபி, இல்லாவிட்டால் கடுங்காபி. பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கை தூக்கினாள்.

"மிஸ், இது தண்ணி முறை மாதிரிதானே? இன்னைக்கு முறை நம்மளோடதா இருந்தா மடையத் தொற. இல்லன்னா மம்பட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

வகுப்பு முழுக்கச் சிரித்தது, ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் கேட்காமலேயே நிபந்தனைக்குள் நிபந்தனை போட்டார்கள். முறை நம்மளோடதா இருந்து, தண்ணியும் வந்திருந்தா மட்டும் தொற. முறை நம்மளோடது, தண்ணி வரல, அப்ப வாய்க்கால் தலைப்புப் பக்கம் போயி யாரு அடைச்சு வச்சிருக்கான்னு பாரு. நான் இரண்டு வாரத்துக்கு ஒதுக்கிய பாடம் அன்று மதியமே முடிந்துபோயிற்று. என் காபித் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு, எப்போதும் ஏதோ கணக்குப் பார்க்கிற முகத்தோடு இருப்பாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, அவள் அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடச் சொன்னேன். உங்களுக்கு நிஜமாகவே விடை தெரியாத ஒரு கேள்வியாக இருக்க வேண்டும் என்றேன். மற்றவர்கள் பிளாஸ்டிக்கின் தீமைகள், மரம் வளர்ப்போம் என்று எழுதிவந்தார்கள். விடை தெரிந்த கேள்விகள். இவள் எழுதியது ஒரே வரி: 'எங்க ஊருக்கு நடவு நல்லதா, நேரடி விதைப்பு நல்லதா?'

நாற்று விட்டுப் பறித்து நடுவது ஒரு வழி. நெல்லை நேராக வயலில் தெளித்துவிடுவது இன்னொரு வழி. அவள் வீட்டில் இது வெறும் கேள்வி இல்லை, சாயங்காலச் சண்டை. வீடியோ காலில் அப்பா, "நட ஆளு கெடைக்காது, எல்லாரும் தெளிக்கிறாங்க, நீயும் தெளிச்சு விடு" என்பாராம். அம்மா, "தெளிச்சா களை மண்டும், எடுக்க யாரு வருவா, நீங்களா ஏரோப்பிளேன்ல வருவீங்க?" என்பாராம். அந்த வருஷச் சம்பாவுக்கு ஆவணிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இரண்டு பேரும் பேசிப் பேசி அலுத்து, கடைசியில் அம்மா இவளிடம், "பள்ளிக்கூடத்துல ஏதோ ஆராய்ச்சி பண்றேங்கிறியே. நல்லா விசாரிச்சு நீயே சொல்லு. நீ சொல்றதச் செஞ்சுடறேன்" என்று சொல்லிவிட்டார்.

இதை அவளே என்னிடம் சொன்னாள். பதினாலு வயதுப் பெண்ணின் பள்ளிக்கூட ஆய்வை நம்பி ஒரு குடும்பம் ஒரு போகத்தையே வைக்கிறது. தப்பான விடை வந்தால் அந்த ஒன்பது மாவும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேண்டாம், வேறு தலைப்பு எடு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்று கேட்டவளே நான்தான். சரி என்றேன்.

அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து நாற்பது வீடுகளில் விசாரித்தார்கள். போன வருஷம் நட்டீங்களா தெளிச்சீங்களா, மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது. போவதற்கு முன் நான் நீளமாக ஒரு உபதேசம் செய்திருந்தேன். அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், உங்கள் சொந்தக் கருத்தை ஒரு சொல் கூடச் சேர்க்கக் கூடாது, எழுதியதைத் திருத்தக் கூடாது. மூவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் நோட்டு நிறையத் தகவலோடு வந்தார்கள்.

கணினியில் ஏற்றி வரைபடம் போட்டோம். எனக்கு வாயெல்லாம் பல். நட்ட வயல் மாவுக்கு எட்டு மூட்டை, தெளித்த வயல் மாவுக்கு எட்டு மூட்டை. அளந்து வெட்டின மாதிரி இரண்டு கம்பங்களும் ஒரே உயரம். முறைகளுக்குள் வித்தியாசம் இல்லை, தெளித்தால் வேலை மிச்சம், ஆகவே தெளிப்பதே நல்லது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு அனுப்ப முடிவுரையைக் கூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, சந்தோஷமா இல்லையா?" என்றேன்.

"மிஸ், இது பொய் மிஸ்."

"எது பொய்?"

"எல்லாமே. எங்க அம்மா எட்டு மூட்டைன்னு எழுத வச்சாங்க. பதினொண்ணு கண்டுச்சு மிஸ். சாக்குப் புடிச்சது நான். எண்ணினதும் நான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வீடு ஏறி இறங்கி, இரண்டு வாரம் வீணாக்கி, இப்போது வந்து பொய் என்கிறாளே. "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் பயப்படவில்லை. "சொல்றத அப்படியே எழுதணும், நம்ம கருத்தச் சேக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றை எனக்கு மென்மையாகச் சொல்லித்தருகிற மாதிரி சொன்னாள்: "எவ்வளவு வெளஞ்சுதுன்னு கண்டுமுதல யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க மிஸ். கண்ணு பட்டுரும். நல்லா வெளஞ்சா ஏதோ வந்துச்சும்பாங்க. ரொம்ப நல்லா வெளஞ்சா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. எட்டுன்னா, கேள்வி கேக்காத, போயிட்டு வான்னு அர்த்தம்."

எத்தனையோ வருஷமாக இந்த மண்ணில் சோறு தின்கிறேன். எனக்கு இது தெரியாது. பதினாலு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், விசாரிக்கப் போன மூவரும் டீச்சர் சொன்ன விதி என்று அத்தனை எட்டையும் பய பக்தியோடு எழுதி எடுத்துவந்திருக்கிறார்கள். என் மேலேயே எனக்குக் கோபம் திரும்பிற்று. அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பஸ் பிடித்துவிட்டேன்.

மறுநாள் காலை, வருகைப் பதிவு எடுக்கும் முன்பே, அவள் என் மேசைக்கு முன் வந்து நின்றாள்.

"மிஸ், ஒரு வழி இருக்கு. அவங்கவங்க வயலப் பத்திக் கேக்கக் கூடாது. பக்கத்து வயலப் பத்திக் கேக்கணும்."

"அது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது மட்டும்தான் மிஸ் தெரியும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து வயலில் எத்தனை மூட்டை கட்டினார்கள், எத்தனை நடை டிராக்டர் போயிற்று என்பது வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு அத்துப்படி. சொல்வதிலும் அவருக்குத் தயக்கம் கிடையாது, தன் பயிருக்குத்தான் கண் படும், அடுத்தவர் பயிருக்கு இல்லை. ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு பக்கத்து வயல்காரர்கள் சாட்சி. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் எழுதிக்கொள்வது. ரொம்ப விலகினால் மூன்றாவது ஆளைக் கேட்பது. நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். இந்த யோசனையை எனக்கு எந்தப் பாடமும் தரவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல, "சரி சரி, போய் உக்காரு" என்றேன்.

ஆனால் ஒருவர் மறைத்ததை அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கி எழுதுவது சரியா என்று எனக்கு உறுத்தியது. அதைப் பதினாலு பேரிடமும் கேட்டேன். ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் பெயரே எழுதுவதில்லை, வயலுக்கு எண் மட்டும் கொடுப்பது, எந்த எண் யாருடையது என்கிற தாளை நான் என் பீரோவில் பூட்டிவைப்பது, வேலை முடிந்ததும் கிழித்துவிடுவது என்று முடிவாயிற்று. அவள் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். "எங்க வயல இதுலேருந்து எடுத்துட்டேன் மிஸ். போன வருஷம் நாங்க நட்டோம், எத்தன மூட்டைன்னு எனக்கே தெரியும். நான் சேத்தா எங்க அம்மா கட்சிக்குச் சேத்த மாதிரி ஆயிரும்." யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

சாட்சிகளை ஒப்பிட ஒரு நிரல் எழுதினாள். முதல் ஆள் சொன்னதிலிருந்து இரண்டாம் ஆள் சொன்னதைக் கழி. இரண்டு மூட்டைக்கு மேல் வித்தியாசம் வந்தால் 'மறுபடி கேள்' என்று காட்டு. ஓட்டிப் பார்த்தோம். அழகாக ஓடியது. நான் கை தட்டினேன். அவள் நோட்டை விரித்து, கணினி செய்த அத்தனை கழித்தலையும் பென்சிலால் மறுபடி போட ஆரம்பித்தாள். கணினி போட்ட கணக்கைக் கையால் சரிபார்க்கிற பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். அதற்குத்தானே கணினி என்று கூடக் கிண்டல் செய்தேன்.

அரை மணி கழித்து ஒரு வரியில் பென்சில் நின்றது. பதினேழாம் எண் வயலுக்கு ஒருவர் ஒன்பது என்றிருந்தார், மற்றவர் பதின்மூன்று என்றிருந்தார். கணினி அதைச் சரி என்று விட்டிருந்தது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றைக் கழித்தால் மைனஸ் நாலு. மைனஸ் நாலு இரண்டைவிடப் பெரிதில்லை. கணக்கு டீச்சரான நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படவில்லை. எது பெரிது என்று முதலில் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று அவளே ஒரு நிபந்தனையைச் சேர்த்துச் சரிசெய்தாள். அப்புறம் அந்தப் பதினேழாம் எண்ணுக்குச் சைக்கிளில் போய் மூன்றாவது ஆளைக் கேட்டுவந்தாள்.

ஆகஸ்டு நடுவில் எல்லாம் கைக்கு வந்தது. இந்த முறை கம்பங்கள் ஒரே உயரமில்லை. நட்ட வயல்களின் கம்பம் நன்றாகவே உயர்ந்து நின்றது. அம்மா சொன்னதுதான் சரி. எனக்கு நிம்மதி. இனி அந்த வீட்டுக்கு நடவு என்று சொல்லிவிடலாம், கண்காட்சிக்கும் முடிவுரை தயார்.

அவள் ஊர் வரைபடத்தைக் கேட்டாள். கையால் வரைந்ததுதான். வாய்க்கால் ஒரு கோடு, இருபுறமும் வயல் எண்கள். நட்ட வயலுக்குப் பச்சை, தெளித்ததற்கு மஞ்சள் பென்சிலால் நிரப்பிக்கொண்டே போனாள். நிரப்ப நிரப்ப அவள் வேகம் குறைந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். பச்சையெல்லாம் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் வருகிற பக்கம். மஞ்சளெல்லாம் வால் பக்கம். தண்ணீர் நேரத்துக்கு வரும் என்ற தைரியம் இருக்கிறவர்கள்தான் நாற்று விட்டு நட்டிருக்கிறார்கள். வருமோ வராதோ என்கிறவர்கள் தெளித்துவிட்டிருக்கிறார்கள்.

"அதிகமா கண்டது நடவாலதான்னு இல்ல மிஸ். தண்ணியாலயும் இருக்கலாம்" என்றாள். "நடுவுல அஞ்சு வயல்லதான் நட்டதும் தெளிச்சதும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கு. அதுல ஒரு எடத்துல நடவு கூட, ஒரு எடத்துல கொறச்சல். அத வச்சுச் சொல்ல முடியாது."

அவள் வீட்டு வயலும் அந்த நடுப் பகுதியில்தான் இருந்தது.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "இதெல்லாம் ரொம்ப ஆழமா போறது. கம்பம் நடவுன்னுதானே காட்டுது, நடவுன்னே எழுதிடு. முடிவு இல்லாத ஆய்வுக்கு யாரு மார்க் போடுவா? உங்க அம்மாவுக்கும் ஒரு பதில் வேணும்ல?" என்றேன். அவள் மஞ்சள் பென்சிலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அம்மா காத்திருக்கிறார் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் பக்கத்து வயல்களில் உழவு தொடங்கியும், பிள்ளை சொல்லட்டும் என்று அவர் டிராக்டரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"தெரியாதத தெரியும்னு எப்படி மிஸ் சொல்றது?" என்றாள் கடைசியில்.

கண்காட்சியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவுரை என்ற இடத்தில் 'இந்தத் தகவலை வைத்துச் சொல்ல முடியவில்லை' என்று எழுதியிருந்தாள். நடுவர்களில் ஒருவர், "இவ்வளவு பண்ணிட்டு முடிவே இல்லியேம்மா" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அதற்கு நான் வருந்தவில்லை. எனக்குப் பயமாக இருந்தது கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமை, அவள் அம்மா பள்ளிக்கு வந்தபோதுதான்.

"தெரியலைன்னு சொல்றதுக்கு நீங்களும் பக்கத்துல இருங்க மிஸ்" என்று அவள் கேட்டுக்கொண்டதால் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். வாசலில் கால் கழுவிவிட்டு, கணினி அறைக்குள் வர யோசித்து நின்றார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றேன். என் வயதுதான் இருக்கும். தலையில் மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டிய சின்னச் சரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மகள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலில் வந்த எட்டு மூட்டை வரைபடம். அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயை மூடினார். சிரிக்கிறார் என்று புரிந்தது. அப்புறம் சாட்சிகள். அப்புறம் பச்சையும் மஞ்சளுமான படம். கடைசியில் கணினியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியலம்மா. ரெண்டு மாசம் பாத்தும் தெரியல."

அம்மா திரையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று, "நல்லா உழைச்சிருக்காம்மா, தகவல் பத்தாமப் போச்சு, கோவிச்சுக்காதீங்க" என்று ஏதேதோ உளறினேன்.

"கோவம் எதுக்குங்க டீச்சர்?" என்றார். "இவங்க அப்பா அங்க இருந்துக்கிட்டு எல்லாம் தெரியும்பாரு. நான் இங்க இருந்துக்கிட்டு எனக்குத்தான் தெரியும்பேன். உரம் விக்கிற கடைக்காரரு, நடவு மிஷினு வச்சிருக்கறவரு, எல்லாருக்கும் தெரியும். தெரியலைன்னு சொன்ன ஒரே ஆளு இவதான். அதனால இவளத்தான் நம்பலாம்னு தோணுது."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "ஏன் பாப்பா, தண்ணி ஒண்ணா இருந்து, மண்ணு ஒண்ணா இருந்து, நட்டதும் தெளிச்சதும் பக்கத்துல பக்கத்துல இருந்தா உனக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியும்மா. ஓரளவுக்குத் தெரியும்."

"அப்ப நம்ம வயலப் பாதி பாதியாப் பிரிச்சுக்க. நாலரை மா நடலாம், நாலரை மா தெளிக்கலாம். ஆனா குறுக்காலப் பிரிக்காத, மேல இருக்கறது தண்ணிய எடுத்துக்கும். வாய்க்கால்லேருந்து நீளவாக்குல பிரி. அப்பத்தான் ரெண்டும் ஒரே தண்ணியக் குடிக்கும்."

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதம் தட்டுத் தடுமாறி நாங்கள் கண்டுபிடித்த தவறை அந்த அம்மா அரை நிமிடத்தில் திருத்திவிட்டார்.

"எந்தப் பக்கம் நடறதும்மா? கெழக்கா, மேக்கா?" என்றாள் அவள். "நீ சொன்னா நல்ல பக்கத்த நடவுக்குக் குடுத்துருவ."

"ஆமா, குடுத்துருவேன்" என்று அம்மா ஒத்துக்கொண்டார். "பூ கட்டிப் பாத்துருவோம்."

மாதிரிகளை மனம் போல் தேர்வு செய்யக் கூடாது என்று நான் கரும்பலகையில் இரண்டு பீரியடு விளக்கி, ஒருவருக்கும் விளங்காமல் கைவிட்ட பாடம் அது. எங்கள் பக்கத்தில் இரண்டு மாப்பிள்ளைகளில் யார், எந்த மருத்துவரிடம் போவது என்று முடிவு கட்ட முடியாதபோது கோயிலில் இரண்டு பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அம்மா தன் சரத்திலிருந்து ஒரு மல்லிகையும் ஒரு கனகாம்பரமும் உருவினார். வீணான அச்சுத்தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்து ஒரே மாதிரி மடித்தார்.

"இரும்மா, முதல்ல எழுதிக்கணும்" என்று மகள் தடுத்தாள். நோட்டில் எழுதினாள். மல்லி வந்தால் கிழக்கே நடவு, கனகாம்பரம் வந்தால் மேற்கே நடவு. எழுதிக் கோடிட்டபின் பொட்டலங்களை மேசையில் குலுக்கிப் போட்டாள். "அம்மா எடுக்கக் கூடாது. நானும் கூடாது. நீங்க எடுங்க மிஸ்."

கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. நான்கு நாள் முன்பு இந்த வயல் முழுக்க நடவு என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடச் சொன்னவள் நான். அப்போது தயங்காதவள் இப்போது தயங்கினேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"சும்மா எடுங்க டீச்சர். எது வந்தாலும் ரெண்டும் எங்க வயலுதானே."

எடுத்தேன். கனகாம்பரம். மகள் நேரத்தையும் குறித்துக்கொண்டாள். அம்மா போனை எடுத்து சிங்கப்பூருக்குப் போட்டார். அங்கே கட்டட வேலை இரைச்சலுக்கு நடுவே பேச வேண்டியிருந்ததால் சத்தமாகவே பேசினார்.

"என்னங்க, நாளைக்கு உழவுக்குச் சொல்லிட்டேன். பாதி நடறோம், பாதி தெளிக்கிறோம்... இல்லங்க, நீங்க சொன்னதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல. நம்ம பொண்ணு தெரியலைன்னு சொல்லிட்டா. தெரிஞ்சுக்கறதுக்கு அவளுக்கு வயலு வேணுமாம்."

 போனில் இரும்புக் கம்பிகள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அப்பா சொன்னது எங்கள் மூவருக்குமே தெளிவாகக் கேட்டது.

"குடுத்துரு. அவ பாத்துச் சொல்லட்டும்."